எல்லோருக்கும் ஒரே கோடா?

ரேடார் என்றதும் "பிளாக் டயகிராம் போட்டாப் போதும், பாஸ் மார்க் வந்துடும்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நானும் அப்படி இருந்தவன்தான். இது பரீட்சைக்காக எழுதியதல்ல. நம் வயிற்றுப்பாட்டோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

நமக்குப் பக்கத்தில் அரக்கோணத்தில் 1992 முதல் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானதளம் இருக்கிறது. அங்கிருந்து 2013 முதல் பி-8ஐ விமானங்கள் கடலைக் கண்காணிக்கப் பறக்கின்றன. அவற்றின் ரேடார் கடலைப் பார்க்கும்போது படகு மட்டுமா எதிரொலி தரும்? அலையும் தரும், மழையும் தரும். இந்த வேண்டாத எதிரொலிக்குத்தான் 'கிளட்டர்' என்று பெயர். சந்தை இரைச்சலில் தெரிந்தவர் குரலைப் பிடிக்கிற வேலை ரேடாருக்கு.

சுலபமான வழி என்ன? ஒரு கோடு போடு; அதைத் தாண்டினால் படகு, தாண்டாவிட்டால் அலை. இந்தக் கோட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாதாரண இரைச்சலின் சராசரியைப்போல் சுமார் 14 மடங்கில் கோடு போட்டால், பத்து லட்சத்தில் ஒரு முறைதான் பொய் எச்சரிக்கை வரும். ஆனால் காற்று அடித்து இரைச்சல் பத்து மடங்கு கூடினால்? அதே கோட்டில் நாலுக்கு ஒன்று பொய்! திரை முழுக்கப் புள்ளி. கோட்டை நிரந்தரமாக உயர்த்திவிட்டாலோ, அமைதியான கடலில் சின்னப் படகு தெரியாமல் போகும்.

அதனால் 1968-ல் ஃபின், ஜான்சன் இருவரும் ஒரு வழி சொன்னார்கள். சோதிக்கிற கட்டத்தைச் சுற்றியுள்ள கட்டங்களின் சராசரியை எடு; அதற்கேற்பக் கோட்டை வை. இரைச்சல் ஏறினால் கோடும் ஏறும், இறங்கினால் இறங்கும். பொய் எச்சரிக்கையின் அளவு மாறாது. ஆனால் இதற்கு விலை உண்டு. 16 கட்டங்களை மட்டும் பார்த்து முடிவு செய்தால், 14 மடங்கு போதாது. சுமார் 22 மடங்கு வேண்டும். சுற்றுப்புறம் சரியாகத் தெரியாத குறைக்குப் பாவம், படகு கூடுதலாகப் பலம் காட்டவேண்டியிருக்கிறது.

இன்னொரு சிக்கல். அந்த 16 கட்டங்களில் ஒன்றில் பெரிய கப்பல் நிற்கிறது, எதிரொலி நூறு மடங்கு என்று வையுங்கள். சராசரி எகிறி, கோடு 22-லிருந்து 158-க்குப் போய்விடும். 50 மடங்கு பலத்தோடு நிற்கும் படகு காணாமல் போகும். இதற்கு 1983-ல் ரோலிங் சொன்ன மருந்து: சராசரி எடுக்காதே, 16 மதிப்புகளையும் ஏறுவரிசையில் நிறுத்தி, பன்னிரண்டாவதைப் போல ஒன்றை எடு. மேலே நாலு கப்பல் நின்றாலும் கோடு அவ்வளவாக எகிறாது. 1988-ல் காந்தி, கஸ்ஸாம் இருவரும் இந்த முறைகளை ஒப்பிட்டு எழுதினார்கள். சுற்றுப்புறம் ஒரே சீராக இருந்தால் சராசரி முறையே சிறந்தது; சீரில்லாத இடத்தில் அது தடுமாறும். எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே முறை இல்லை.

இதைப் படித்ததும் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் தரம் பிரிக்கிறவர். ஒருநாள் கேட்டேன்: "ஏம்ப்பா, ரெண்டுலயும் ஒரே மாதிரி தழும்புதானே? ஒண்ணை ஒதுக்கிட்டு இன்னொண்ணை விட்டுட்டீங்களே?" அப்பா சொன்னார்: "தழும்பை மட்டும் பாக்காதடா, சுத்தி இருக்கிற தோலைப் பாரு. வழவழன்னு இருந்தா சின்னப் புள்ளியும் கண்ணுல அடிக்கும். சொரசொரன்னு இருக்கிற இடத்துல அது ஒரு குறையே இல்ல." எட்டாம் வகுப்போடு நின்றவர். ஃபின், ஜான்சன் பெயர் அவருக்குத் தெரியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்த ஒரு கம்பெனி 60 சதவீதம் என்று கோடு போட்டது. என் பெஞ்சு நண்பன் எடுத்தது 58. சாயங்காலம் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கப் போய், ராத்திரி பதினொன்றுக்கு வீடு திரும்புகிறவன் அவன். லேபில் ஓடாத சர்க்யூட்டை ஓட வைப்பதும் அவன்தான். வாசலிலேயே "நீ போப்பா" என்று அனுப்பிவிட்டார்கள். அவனுடைய சுற்றுப்புறத்தில் 58 எவ்வளவு பெரிய எதிரொலி என்று யாரும் அளக்கவில்லை.

"அப்போ எல்லாரையும் உள்ள விடச் சொல்றியா?" என்று சிலர் கேட்பீர்கள். இல்லை. பொய் எச்சரிக்கையும் நஷ்டம்தான். கோடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கோடு போடுமுன் தரையைப் பார் என்கிறேன். மனிதன் திரையில் தெரியும் புள்ளியும் அல்ல. அவனுக்கு வாய் உண்டு, கை உண்டு. கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறவனிடம் ஒரு சால்டரிங் அயர்னும் பழுதான ஒரு போர்டும் கொடுத்து அரை மணி நேரம் பார்க்கட்டும். இதை நம் மாணவர் சங்கம் அடுத்த இன்டர்வியூவுக்கு முன்பே எழுத்தில் கேட்கவேண்டும் என்பது என் கருத்து.

கூடவே நமக்கும் ஒரு வார்த்தை. புள்ளியியலை 'அரியர் பேப்பர்' என்று திட்டுவதை விடுவோம். நம்மை வெளியே நிறுத்துகிற கோடு சரியா தப்பா என்று கேட்கவும் அந்தக் கணக்குத்தான் வேண்டும். சிந்தியுங்கள் நண்பர்களே!

– மூன்றாமாண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு