பெயரை நீக்கும் பணியைக் கணினியிடம் விடலாமா?



தமிழ் வகுப்புகளின் மாணவர் பதிவேடு இன்று கணினித் தரவுத்தளமாகிவிட்டது. அதைப் பராமரிக்கும் பொறுப்பு பெரும்பாலும் ஓர் ஆசிரியரிடமோ, தொண்டுள்ளம் கொண்ட பெற்றோர் ஒருவரிடமோ வந்து சேர்கிறது. நாள்தோறும் நகலெடுத்தல், பழைய நகல்களை அகற்றுதல், இருமுறை பதிவான பெயர்களை நீக்குதல் ஆகிய மூன்றையும் சில வரிகள் கொண்ட சிறு நிரலிடம் ஒப்படைத்துவிடலாமே என்று பலர் கேட்கின்றனர். முதலிரண்டையும் தாராளமாக ஒப்படைக்கலாம். மூன்றாவதை ஒப்படைத்தல் ஆகாது என்பதே என் கருத்து.

காரணத்தை அறியக் கிராஞ்சிப் போர் நினைவகத்திற்கு ஒருமுறை சென்று பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் மாண்டு, கல்லறை எதுவென்றே அறியப்படாத 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்குள்ள சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. இந்தியப் படையினர் பலரும் அவர்களுள் அடங்குவர். ஒரே பெயர் மீண்டும் மீண்டும் வருவதை அங்குக் காணலாம். அது பிழையன்று, அவர்கள் வெவ்வேறு மனிதர்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1998-இல் இணையத்தில் வெளியிட்ட பதிவேட்டில் படை எண், படைப்பிரிவு, இறந்த நாள் ஆகியவையே ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுகின்றன. ‘பெயர் ஒன்றாயின் ஒன்றை நீக்கு’ என்னும் நிரலை அதன்மீது ஓட்டினால், கல்லறையும் இல்லாத ஒருவருக்கு எஞ்சியிருக்கும் பெயரும் போய்விடும்.

நம் பதிவேட்டில் சிக்கல் இன்னும் மிகுதி. தந்தை பெயரை முன்னெழுத்தாகச் சுருக்குவது நம் வழக்கம். செல்வத்தின் மகளும் சண்முகத்தின் மகளும் ஆங்கிலத்தில் ‘எஸ். கவிதா’ ஆகிவிடுவர். ஒருத்தியை நீக்கினால் அவளுடைய வருகைப் பதிவும், மதிப்பெண்களும், பெற்றோரின் அவசரத் தொலைபேசி எண்ணும் உடன் மறையும். மறுபுறம், லட்சுமி, இலக்குமி என ஒரே பிள்ளை ஈரிடங்களில் இருப்பதை நிரல் கண்டுகொள்ளாது. ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் மாறாத சேர்க்கை எண் ஒன்று வேண்டும். ஐயத்திற்குரிய பெயர்களை நிரல் பட்டியலிடட்டும். முடிவை வகுப்பாசிரியர் எடுக்கட்டும்.

நகலெடுக்கும் நிரலையும் கண்மூடி நம்பலாகாது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் முதன்மைத் தரவுத்தளத்தைப் பொறியாளர் ஒருவர் தவறுதலாக அழித்துவிட்டார். நகலைத் தேடியபோதுதான், மென்பொருள் பதிப்புகள் பொருந்தாமையால் நகலெடுக்கும் பணி தோற்றுக்கொண்டிருந்தது தெரியவந்தது. அதை எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரைச் சென்றடையவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு மீளவேயில்லை.

எனவே தவணைக்கு ஒருமுறையேனும் நகலை வேறொரு கணினியில் மீட்டெடுத்துப் பார்க்க வேண்டும். எழுத்துக் குறியாக்கம் தவறினால் தமிழ்ப் பெயர்களெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். பதிவுகளின் எண்ணிக்கையோ மாறாது. எண்ணிக்கையை நிரல் சரிபார்க்கும். பெயர்களை நாம்தான் படித்துப் பார்க்க வேண்டும்.

பெற்றோர்களும் ஓர் உதவி செய்யலாம். சேர்க்கைப் படிவத்தில் பிள்ளையின் பெயரைத் தமிழிலும், தந்தை அல்லது தாயின் பெயரைச் சுருக்காமலும் எழுதித் தாருங்கள்.