எந்த ஜேர்மன்?

“புதிதாக வந்தவர் மொழியைக் கற்கட்டும், மற்றவை தாமே கைகூடும்” என்பது சுவிற்சர்லாந்தின் ஜேர்மன் மொழிப் பிரதேசத்தில் சலிப்பின்றிச் சொல்லப்பட்டுவரும் வாய்பாடு. 1983இன் பின்னர் அங்கு அடைக்கலம் புகுந்த ஈழத்தமிழருள்ளும் முன்னே வந்தோர் பின்னே வந்தோர்க்கு இதனையே உபதேசிக்கின்றனர். எந்த மொழியை என்ற வினாவை இருசாராரும் எழுப்புவதில்லை.

பேர்ண் நகரில் வந்திறங்கும் ஒருவர் வகுப்பறையிற் கற்பது எழுத்து ஜேர்மன். நகரம் பேசுவதோ பேர்ண் வழக்கு. இவ்விரண்டுக்குமிடைப்பட்ட தூரம் உச்சரிப்பளவில் முடிவதன்று. அவர் வருந்தி மனனஞ் செய்யும் எளிய இறந்தகால வினைவடிவம் பேச்சுவழக்கில் வழங்குவதில்லை. எழுத்து ஜேர்மன் படர்க்கைப் பன்மையைக் கொண்டு ஒருவரை மரியாதையாக விளிக்க, பேர்ண் வழக்கு தமிழின் ‘நீங்கள்’ போன்று முன்னிலைப் பன்மையையே கையாள்கிறது. தமிழருக்குக் கைவந்த முறையை விடுத்து வேறொன்றைப் பயிலுமாறு அவர் பணிக்கப்படுவது சுவையான முரண்.

1959இல் சார்ள்ஸ் பேர்குசன் இரட்டை வழக்குப் பற்றி எழுதிய கட்டுரையில் எடுத்துக்கொண்ட நான்கு மொழிச் சூழல்களுள் ஒன்று சுவிற்சர்லாந்து ஜேர்மன். தமிழும் அவ்வரைவிலக்கணத்துக்குப் பொருந்துமென அவரே குறித்துள்ளார். மொழியியல் விரிவுரைகளில் இவ்விரு பெயர்களும் அட்டவணையில் அருகருகே இடம்பெறுகின்றன. அவ்வட்டவணையின் ஒரு கட்டத்திலிருந்து மற்றொன்றுக்குள் ஆயிரக்கணக்கான மனிதர் குடிபெயர்ந்துள்ளனர் என்பது மட்டும் ஆய்வாளர் கண்ணில் எளிதிற் படுவதில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொதுச் சலவையறையை நோக்குக. எவர் எந்நாளில் துவைக்கலாம் என்ற முறை அட்டவணை, ஞாயிற்றுக்கிழமையின் அமைதி, கட்டணம் செலுத்திப் பெற்ற பையில் மட்டுமே இடத்தக்க குப்பை ஆகிய யாவும் எழுத்து ஜேர்மனில் அச்சாகிச் சுவரில் தொங்குகின்றன. அகராதி கொண்டேனும் அவற்றைப் படித்துவிடலாம். ஆனால், விதி மீறப்பட்டதென அயலவர் கதவைத் தட்டும்போது நிகழும் வாக்குவாதம் பேர்ண் வழக்கில் நிகழ்கிறது. விதி ஒரு மொழியில், விசாரணை இன்னொரு மொழியில்!

சுவிற்சர்லாந்து மக்கள் அந்நியரைக் கண்டதும் எழுத்து ஜேர்மனுக்கு மாறிவிடுவர் என மறுமொழி கூறப்படுவதுண்டு. அது பண்பு என்பதில் ஐயமில்லை. எனினும் அப்பண்பு இருவர் உரையாடலோடு நின்றுவிடுகிறது. ஊரவர் இன்னொருவர் வந்து சேர்ந்ததும் பேச்சு பழைய தடத்துக்குத் திரும்புகிறது. வந்தவர் புன்னகையுடன் நிற்கிறார். தொழிற்சாலை இடைவேளைகளில் அப்புன்னகை ‘ஒதுங்கியிருக்கும் இயல்பு’ எனப் பெயர்பெறுகிறது.

2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டம் ஒரு தேசிய மொழியில் பேச்சுக்கு பி1 தரத்தையும், எழுத்துக்கு ஏ2 தரத்தையும் கோருகிறது. 2011இல் சூரிச் மாநில வாக்காளர் பாலர் வகுப்புகளிற் பேச்சுவழக்கே போதனைமொழியாதல் வேண்டுமென வாக்களித்தனர். தாய்மொழிப் பற்றை எவரும் குறைகூறார். ஆனால் தம் பிள்ளைக்குப் பேச்சுவழக்கே உயிரென வாதிடும் சமூகம், புதியவருக்கு எழுத்துமொழியை மட்டும் கற்பித்துவிட்டு அவர் கலந்து வாழவில்லையெனக் குறைபடுவது எவ்வகை நியாயம்?

இதன் விலையைக் கொடுப்போர் பிள்ளைகளே. விளையாட்டிடத்தில் பேர்ண் வழக்கைக் கற்ற பத்து வயதுச் சிறுமி தாயுடன் வைத்தியரிடம் செல்கிறாள். தாயின் உடல்நோவை அச்சிறுமி வாயால் வைத்தியர் அறிகிறார். தாய் சொல்லக் கூசியவை சொல்லப்படாமலே போகின்றன. இதனைப் பிள்ளையின் கெட்டித்தனமெனப் புகழும் தமிழ்ச் சங்கத்தார், அதே பிள்ளை சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் “அம்மா வரேல்லை” என்றால் திருத்த விரைகின்றனர். வீட்டில் வழங்கும் யாழ்ப்பாணப் பேச்சு அங்கே பிழையாகிவிடுகிறது.

பேச்சுவழக்கைக் கேட்டறியும் பயிற்சி மொழிவகுப்புகளின் தொடக்கத்திலேயே இடம்பெறல் வேண்டும். புதியவர் அதனைப் பேசவேண்டுமென்பதன்று. கதவைத் தட்டியவர் என்ன சொல்கிறார் என்பதையாவது பிள்ளையை அழைக்காமல் அவர் அறிந்துகொள்ளட்டும்.