பில்லி பீன் மேதையா? முதலில் கணக்கைக் காட்டுங்கள்

2025 நவம்பரில் ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனைச் சென்னை வாங்கியது ஞாபகம் இருக்கும். இங்கே புனேயில் எங்கள் குடியிருப்புத் தமிழர் வாட்ஸப் குழுவில் அரை மணி நேரத்தில் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள். பாதிப் பேர் "மாஸ்டர் ஸ்ட்ரோக்", மீதிப் பேர் "துரோகம்". நடுவில் நண்பர் ஒருவர் ஒரு வரி போட்டார்: "நம்ம டீமுக்கு ஒரு பில்லி பீன் வேணும் சார்."

அந்த வரிதான் எனக்கு உறுத்தல். 2011-ல் பிராட் பிட் நடித்து வந்த 'மணிபால்' படத்தைப் பார்த்த எல்லோருக்கும் பில்லி பீன் ஒரு மேதை. ஆபீஸில் அப்ரைசல் மீட்டிங் ஸ்லைடில்கூட வருகிறார். அந்த மனிதர் செய்த ட்ரேடுகளை யாராவது உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்தார்களா? நான் பார்த்தேன். அதனால்தான் இந்தச் சண்டை :-)

விஷயத்துக்கு வருவோம். பீன் 1997 கடைசியிலிருந்து 2015 வரை ஓக்லண்ட் அத்லெடிக்ஸ் பேஸ்பால் அணியின் ஜெனரல் மேனேஜர். கையில் காசு குறைவு. அமெரிக்க பேஸ்பாலில் ஒரு ஆட்டக்காரர் முதல் ஆறு வருஷம் அணியின் பிடியில்தான் இருப்பார், சம்பளமும் குறைவு. அதற்குப் பிறகு சந்தை விலை. ஏழை அணி என்ன செய்யும்? பிடி முடிவதற்குள் அவரைக் கொடுத்துவிட்டு இளசுகளை வாங்கும். பீனின் ட்ரேடுகளில் பெரும்பாலானவை இந்த ரகம்.

முதலில் படத்தின் கதை. 2002-ல் 103 வெற்றி, தொடர்ந்து 20 வெற்றி என்பதெல்லாம் உண்மை. ஆனால் அந்த அணியின் முதுகெலும்பு ஹட்சன், மல்டர், ஜிட்டோ என்ற மூன்று பிட்சர்களும் மிகேல் தெஹாதாவும். அந்த வருஷம் அமெரிக்கன் லீகின் சிறந்த ஆட்டக்காரர் தெஹாதா, சிறந்த பிட்சர் ஜிட்டோ. நால்வருமே அணி தானே கண்டெடுத்து வளர்த்தவர்கள், ட்ரேடில் வந்தவர்கள் இல்லை. தெஹாதாவும் ஹட்சனும் பீன் பதவிக்கு வருமுன்பே அணிக்குள் வந்தாகிவிட்டது. படத்தைப் பார்த்துவிட்டு இவரை ட்ரேடு மன்னன் என்பவர்களுக்கு முதல் கேள்வி இது.

அடுத்து 2004 டிசம்பர். இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு பிட்சர்களைக் கொடுத்தார். ஹட்சன் அட்லாண்டாவுக்குப் போனார். பதிலுக்கு மூவர் வந்தார்கள். அதில் முக்கியமான ஆள் டான் மேயர், தோள் காயத்தில் தேய்ந்து போனார். படுநஷ்டம். மல்டர் செயின்ட் லூயிஸுக்குப் போனார், டான் ஹேரன் வந்தார். மல்டர் அங்கே ஒரே ஒரு நல்ல வருஷம் ஆடிவிட்டுத் தோள் காயத்தில் சரிந்தார். ஹேரனோ மூன்று வருஷம் ஓக்லண்டைத் தாங்கினார். பெரும் லாபம்.

அதே ஆள், அதே வாரம், அதே மூளை. ஒன்றில் மேதை, ஒன்றில் மூடன். வித்தியாசம் எங்கே இருந்தது? பெரும்பாலும் இரண்டு பேரின் தோள்பட்டையில்!

இன்னொரு விஷயம். ட்ரேடு ஒரு தனிச் சம்பவம் இல்லை, சங்கிலி. ஹேரனை 2007-ல் அரிசோனாவுக்குக் கொடுத்து ஆறு பேரை வாங்கினார், அதில் கார்லோஸ் கோன்சாலஸ் ஒருவர். 2008-ல் கோன்சாலஸையும் இன்னும் இருவரையும் கொலராடோவுக்குக் கொடுத்து மேட் ஹாலிடேயை வாங்கினார். 2009 ஜூலையில் ஹாலிடேயைக் கொடுத்து பிரெட் வாலஸ் உட்பட மூவர். அந்த டிசம்பரிலேயே வாலஸைக் கொடுத்து மைக்கேல் டெய்லர். டெய்லர் ஓக்லண்டுக்கு ஆடியது சொற்ப ஆட்டங்கள். கோன்சாலஸ் 2010-ல் .336 சராசரியோடு நேஷனல் லீக் பேட்டிங்கில் முதலிடம். நல்ல மாட்டை விற்று ஆடு, ஆட்டை விற்றுக் கோழி என்று முடிந்த கதை. ஹேரன் ட்ரேடை மட்டும் பிரித்துப் பார்த்தால் பிரமாதம். சங்கிலியைக் கடைசி வரை இழுத்தால்தான் ஓட்டை தெரியும்.

ஆக பீன் மோசமா? இங்கேதான் எதிர்க்கட்சியோடும் எனக்குச் சண்டை. அவர்கள் சொல்வது 2014. ஜூலையில் அடிசன் ரஸ்ஸல் என்ற இளம் ரத்தினத்தைச் சிகாகோ கப்ஸுக்குக் கொடுத்து சமார்ட்சியா, ஹாமெல் என்ற இரண்டு பிட்சர்கள். 31-ம் தேதி செஸ்பிடெஸைக் கொடுத்து ஜான் லெஸ்டர். அன்று அணி 66 வெற்றி, 41 தோல்வியோடு லீக் முழுவதிலும் முதலிடம். அதன்பின் 22 வெற்றி, 33 தோல்வி. செப்டம்பர் 30 அன்று வைல்ட் கார்டு ஆட்டத்தில் 7-3 முன்னிலையிலிருந்து, 12-வது இன்னிங்ஸில் 9-8 என்று கேன்சஸ் சிட்டியிடம் தோல்வி. லெஸ்டர், ரஸ்ஸல் இருவருமே 2016-ல் கப்ஸுக்காகக் கோப்பையைத் தூக்கினார்கள்.

"பாத்தியா, முட்டாள்!" என்கிறார்கள். ஐயா, முதலிடத்தில் இருக்கும் அணி அந்த வருஷமே கோப்பைக்கு முயலாமல் வேறு எப்போது முயலும்? 88 வெற்றியோடு ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில்தான் சியாட்டிலை முந்தி உள்ளே வந்தார்கள். லெஸ்டர் இல்லாவிட்டால் அந்த ஆட்டமே இருந்திருக்காது என்று வாதிடலாம். தோற்றது வேறு, முடிவு தவறு என்பது வேறு. அதே சமார்ட்சியாவைக் குளிர்காலத்தில் கைமாற்றி செமியன், பாசிட் இருவரையும் பிடித்ததும் இந்த "முட்டாள்"தான். செமியன் 2019-ல் லீகின் சிறந்த ஆட்டக்காரர் வாக்கெடுப்பில் மூன்றாம் இடம்.

ஆனால் 2014 நவம்பரில் ஜோஷ் டொனால்ட்சனை டொரான்டோவுக்குக் கொடுத்தாரே, அதற்கு மன்னிப்பே கிடையாது. அவர் 2015-ல் சிறந்த ஆட்டக்காரர் ஆனார் என்பதால் இதைச் சொல்லவில்லை. அது பின்னால் தெரிந்தது. ட்ரேடு நடந்த அன்றே தெரிந்ததை மட்டும் வைத்துச் சொல்கிறேன். முந்தைய இரண்டு வருஷமும் அதே வாக்கெடுப்பில் 4-வது, 8-வது இடம். அணியின் பிடியில் இன்னும் நாலு வருஷம். விற்க அவசரமே இல்லாத சரக்கு. வந்த நால்வரில் யாரும் அவர் அருகில்கூட வரவில்லை. 2015-ல் ஓக்லண்ட் 68 வெற்றி, 94 தோல்வி.

என் தீர்ப்பு இதுதான். மல்டர் ட்ரேடு கொஞ்சம் புத்தி, நிறைய அதிர்ஷ்டம். ஹட்சன் ட்ரேடு துரதிர்ஷ்டம். லெஸ்டர் ட்ரேடு சரியான முடிவு, தவறான விளைவு. ஹாலிடே, டொனால்ட்சன் இரண்டும் அசல் தவறு. மொத்தத்தில் நல்ல மேனேஜர், மந்திரவாதி இல்லை. இவ்வளவு ஆட்களைக் கைமாற்ற வேண்டி வந்ததே பணத்தைத் திறக்காத முதலாளிகளால்தான். அவர்களை யாரும் படமெடுக்கவில்லை. 2024-க்குப் பிறகு அணியே ஓக்லண்டை விட்டுப் போய்விட்டது.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? ஒவ்வொரு முறை ஊருக்குக் கல்யாணத்துக்குப் போகும்போதும் யாராவது ஒரு மாமா கேட்கிறார்: "அந்த மனையை அன்னிக்கு வித்திருக்கக் கூடாதுப்பா, இப்ப என்ன விலை தெரியுமா?" தெரியும் மாமா. விற்ற அன்று அப்பாவுக்கு ஆபரேஷன், கையில் வேறு பணமில்லை என்பதும் தெரியும். இன்றைய விலையை வைத்து அன்றைய முடிவை எடை போடாதீர்கள். பையனைச் சேர்த்த காலேஜ், மாற்றிய வேலை, விட்டுவந்த ஊர் எல்லாவற்றுக்கும் இதே தராசுதான்.

வாட்ஸப் குழுவுக்கும் அதையேதான் எழுதினேன். ஜடேஜா விஷயத்தில் யார் சரி என்று நாலு வருஷம் கழித்துப் பேசுவோம். அப்போதும் முதல் கேள்வி, 2025 நவம்பரில் இரண்டு பக்கமும் என்ன தெரிந்திருந்தது என்பதுதான். யாரும் பதில் போடவில்லை. ஒருவர் மட்டும் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார். அதுவும் தவறுதலாக அழுத்தியதாம்!