வீடு ஓடிப் போய்விடுமா?

குடக்கூலி கொடுத்துக் காலம் தள்ளுகிறவனுக்கு வழக்கமாக இரண்டு பயங்கள் உண்டு. வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிடுவாரோ என்பது ஒன்று. பெண்ணுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்று காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்பது மற்றொன்று. சர்க்கார் சிரமம் பாராமல் மூன்றாவது பயம் ஒன்றையும் தயாரித்துக் கொடுத்திருக்கிறது. வீட்டுக்காரர் கட்டவேண்டிய வருமான வரியைக் குடியிருக்கிறவன் வாடகையிலிருந்து பிடித்துக் கட்ட வேண்டும்; தவறினால் தண்டம் அவனுக்கு!

என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியர், தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப் பகுதியில் குடியிருந்தார். மாடியில் வயதான ஒரு பெரியவர் தனியாக இருந்தார். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் 25,000 ரூபாய் பெரியவருடைய பாங்குக் கணக்குக்குப் போய்விடும். மூன்று வருஷத்தில் இருவருக்கும் இடையே தகராறு என்று வந்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் முருங்கை மரத்தைப் பற்றி.

2024-ஆம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பருடைய மாப்பிள்ளை வந்திருந்தார். அவர் ஆடிட்டர் ஒருவரிடம் வேலை பார்க்கிறவர். வாடகை ஒப்பந்தத்தைத் தற்செயலாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, வீடு பெரியவர் பேரில் இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லை. அவர் பிள்ளை பேரில் இருக்கிறது. பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறான். ஏன்?"

"அப்படியானால் இத்தனை நாளும் நீங்கள் டி.டி.எஸ். பிடித்திருக்க வேண்டுமே!"

வருமானம் கைமாறுகிற இடத்திலேயே வரியைக் கிள்ளி எடுத்துவிடுவதற்குத்தான் அந்தப் பெயர். வீட்டுக்காரர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் பொது விதிப்படி நூற்றுக்கு 30 வரி, அதன்மேல் 4 சதவிகிதம் செஸ், ஆக 31.2 பிடிக்க வேண்டும். மாதம் 7,800 ரூபாய். மூன்று வருஷத்துக்கு 2,80,800. பிடிக்காமல் விட்ட தொகைக்கு மாதம் ஒரு சதவிகிதம் வட்டி வேறு. என் நண்பர் கணக்கு வாத்தியார். கூட்டிப் பார்த்தார், அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் மாடிக்குப் போய், "இனிமேல் உங்களுக்கு 17,200 ரூபாய்தான் தர முடியும், ஐயா, மிச்சத்தை உங்கள் பிள்ளை கணக்கில் சர்க்காருக்குக் கட்ட வேண்டும்" என்றார்.

பெரியவருக்கு முதலில் விஷயமே விளங்கவில்லை. விளங்கியதும் கோபம் வந்துவிட்டது. "வாத்தியார் சார்! என் பிள்ளை வரி கட்டுவதும் கட்டாததும் அவன் பாடு. உங்களுக்கும் எனக்கும் 25,000 ரூபாய் பேச்சு. கட்டுப்படியாகாவிட்டால் சொல்லிவிடுங்கள்."

பெரியவரை நான் குறை சொல்ல மாட்டேன். வாழ்நாளெல்லாம் வாங்கிய வாடகையை எண்ணிப் பார்த்தே வாங்கிய மனிதர். குடித்தனக்காரன் ஒரு நாள் வந்து, மூன்றில் ஒரு பங்கை நான் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தருகிறேன் என்றால், அது சட்டமாக அவர் காதில் விழுமா? களவாகத்தான் விழும்.

இந்த ஏற்பாட்டுக்கும் நியாயம் உண்டு; அதை மறைக்க நான் விரும்பவில்லை. இங்கிலாந்தில் 1799-இல் பிட் என்ற பிரதம மந்திரி வருமான வரி போட்டபோது, ஜனங்கள் தாமே சொன்ன கணக்கை நம்பினார். எதிர்பார்த்த பணம் வரவில்லை. 1803-இல் அடிங்டன் என்பவர், குடியிருக்கிறவனே வரியைக் கட்டிவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளட்டும் என்று மாற்றினார். வரி விகிதம் பாதியானபோதும் வசூல் அவ்வளவாகக் குறையவில்லை. வீட்டுக்காரர்களின் ஞாபக மறதி எல்லாத் தேசத்துக்கும் பொது போலும்! ஆனால் ஒன்று: அங்கே வரி இவ்வளவு என்று நிர்ணயிப்பதற்கும், வாசலுக்கு வந்து வசூலிப்பதற்கும் ஆட்கள் இருந்தார்கள். குடியிருந்தவன் பணத்தைக் கொடுத்தால் போதும். சட்டப் புத்தகத்தைப் படிக்க வேண்டியதில்லை.

நம் தேசத்தில் வாடகைக்கு இந்த முறை 1994-ஆம் வருஷம் ஜூன் மாதம் வந்தது. அப்போது கம்பெனிகளும் அவை போன்ற ஸ்தாபனங்களுமே பிடிக்க வேண்டும் என்றார்கள். சரி, கணக்குப்பிள்ளையும் ஆடிட்டரும் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய காரியமல்ல. 2017-இல் சாதாரணக் குடித்தனக்காரனும் மாட்டிக்கொண்டான். மாத வாடகை 50,000 ரூபாய்க்கு மேற்பட்டால் 5 சதவிகிதம் பிடிக்க வேண்டும். 2024 அக்டோபரில் அதை 2 ஆகக் குறைத்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை பிடித்தால் போதும் என்ற கருணையும் உண்டு. நமக்கெல்லாம் 50,000 ரூபாய் வாடகை எங்கே என்று வாசகர் நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பிவிடலாம். போக்கியத்துக்குக் குடியிருப்பவர்கள் இன்னும் நிம்மதியாக இருக்கலாம். வாடகையே இல்லாத இடத்தில் எதைப் பிடிப்பது?

ஆனால் அந்த 50,000 என்ற கோடு, வெளிநாட்டில் வசிக்கும் வீட்டுக்காரர் விஷயத்தில் கிடையாது! 5,000 ரூபாய் வாடகையானாலும் பிடிக்க வேண்டும். அதற்காகத் தனி நம்பர் ஒன்று வாங்க வேண்டும். பிடித்ததை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய். பிறகு வீட்டுக்காரருக்குச் சான்றிதழ் தர வேண்டும். ஓய்வூதியம் வாங்குகிற ஒரு வாத்தியார் சம்பளமில்லாத வருமான வரி குமாஸ்தாவாகி விடுகிறார்.

இன்னொரு வேடிக்கை. ஒருவர் வெளிநாட்டுவாசியா இல்லையா என்பது, அந்த வருஷத்தில் அவர் இந்தியாவில் 182 நாள் இருந்தாரா என்பதைப் பெரும்பாலும் பொறுத்தது. வீட்டுக்காரர் எந்த விமானத்தில் வந்தார், எத்தனை நாள் தங்கினார் என்று குடித்தனக்காரன் காலண்டரில் கோடு போட்டுக்கொண்டு வரவேண்டும் போலிருக்கிறது. வீட்டுக்காரரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள் என்று கேட்கத் துணிந்த குடித்தனக்காரரை வாசகர்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா?

இத்தனைக்கும் சர்க்காருக்கு வரவேண்டிய வரி எவ்வளவு? வருஷ வாடகை 3,00,000. பராமரிப்புக்கென்று சட்டமே நூற்றுக்கு 30 கழித்துக்கொள்ளச் சொல்கிறது. மிச்சம் 2,10,000. இந்தியாவில் வேறு வருமானம் இல்லாத மனிதருக்கு 2,50,000 வரை பழைய கணக்கிலேயே வரி இல்லை. புதிய கணக்கில் விலக்கு அதற்கும் மேல். ஆகவே அந்தப் பிள்ளையின் வரி பூஜ்யம்! பூஜ்யத்தை வசூலிக்க வருஷத்துக்கு 93,600 ரூபாய் பிடிக்க வேண்டும். பிறகு அவர் மனுப் போட்டு அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். குறைவாகப் பிடிக்க முன்கூட்டியே உத்தரவு வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம், வீட்டுக்காரர் மனசு வைத்தால். வீட்டுக்காரர் கணக்குத் தாக்கல் செய்து வரியையும் கட்டியிருந்தால், அதற்கு ஆடிட்டர் சான்று கொண்டுவருகிற குடித்தனக்காரனுக்கு மன்னிப்பு உண்டு, வட்டிக்கு இல்லை. நம் பிள்ளையாண்டானோ, வரி விழாத வருமானம்தானே என்று கணக்கே தாக்கல் செய்யவில்லை.

ஆள் அக்கரையில் இருக்கிறார், வரி ஏய்த்துவிட்டால் எங்கே போய்ப் பிடிப்பது என்று சர்க்கார் பயப்படுகிறது. பாட்டுக் கச்சேரிக்கு வந்து பணம் வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிடுகிறவர் விஷயத்தில் இது சரி. ஆனால் வீடு ஓடிப் போய்விடுமா? தாம்பரத்தில் அஸ்திவாரம் போட்டு நிற்கிற கட்டடம் அது. பத்திரமும் பட்டாவும் சர்க்கார் ஆபீஸிலேயே இருக்கின்றன. வரி பாக்கி என்றால் வீட்டின்மேல் கை வைக்கலாம். வெளிநாட்டுவாசிகளின் இந்திய வருமானத்துக்கென்று பாங்குகளில் தனிக் கணக்கு இருக்கிறது. அதிலுள்ள பணத்துக்கு வட்டி போடும்போது பாங்கே வரியைப் பிடிக்கிறது. வாடகை வரும்போதும் பிடிக்கட்டுமே! பாங்குக்கு ஆள் யார் என்று தெரியும், கம்ப்யூட்டர் இருக்கிறது, குமாஸ்தாக்களுக்குச் சம்பளமும் இருக்கிறது. குடித்தனக்காரன் செய்யவேண்டியது ஒன்றே: யாருக்கு எவ்வளவு கொடுத்தான் என்று உண்மையைச் சொல்வது. வரியைப் பிடித்துத் தன் பெட்டியில் போட்டுக்கொண்டவனைத் தண்டியுங்கள், நான் தடுக்கவில்லை. வாடகையை ஒரு காசு குறையாமல் கொடுத்தவனிடம் அதே வாடகையில் மூன்றில் ஒரு பங்கை மறுபடியும் கேட்பது எந்த ஊர் நியாயம்?

நண்பர் அந்த வருஷமே வீட்டைக் காலி செய்துவிட்டார். புது வீடு பார்க்கும்போது தண்ணீர் வருமா, வெளிச்சம் உண்டா என்று அவர் கேட்கவில்லை. பத்திரம் யார் பேரில் இருக்கிறது, அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். தரகர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாராம். கடைசியில் கிடைத்தது ஒரு விதவைத் தாயாரின் வீடு. பத்திரம் அந்த அம்மாள் பேரிலேயே இருக்கிறது. அம்மாள் சென்னையை விட்டு எங்கும் போவதில்லை. பழைய பாக்கிக்கு இதுவரை நோட்டீஸ் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் தபால்காரர் கவர் கொடுத்தால், நண்பர் அதைப் பிரிப்பதற்குமுன் அனுப்பியவர் விலாசத்தை இரண்டு தடவை படிக்கிறார்.