முதற்பாலும் முதற்பந்தியும்

கடலையே முற்றமாகக் கொண்ட பெரியதாழையில் மீன் அன்றாட உணவு. கோழி ஞாயிற்றுக்கிழமை விசேஷம். குழம்பு வழுவழுப்பாகத் திரளவேண்டுமென்று சிலர் கடைக்குப் போய்ப் பாலேடு வாங்குகிறார்கள். வீட்டில் தேங்காய் இருக்க, அது எதற்கு?

ஒரு கிலோ கோழிக்கு ஒரு பெரிய தேங்காய் போதும். முதற்பாலைத் தனியே பிழிந்து வைத்துக்கொள்க. சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் இவற்றை வதக்கி, மல்லித்தூளும் மஞ்சளும் உப்பும் சேர்த்து, கோழியை இரண்டாம் பாலில் வேகவிடுக. நன்கு வெந்தபின் தீயைத் தணித்து, முதற்பாலை ஊற்றிக் கிளறி, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிடுக. தளதளவென்று கொதித்தால் பாலிலுள்ள புரதம் திரிந்து எண்ணெய் பிரிந்துவிடும். எலுமிச்சைச் சாறு இறக்கிய பிறகே.

ஆகவே கடைசி ஐந்து நிமிஷம் அடுப்பை விட்டு அகலக்கூடாது. வீட்டார் இலை போட்டு அமர்ந்து அவசரப்படுத்துவதும் சரியாக அந்த ஐந்து நிமிஷத்தில்தான்! நாமும் நெடுநாள் அப்படிச் செய்தவர்களே. பரிமாறி முடித்து இல்லாள் உட்காரும்போது சட்டியில் கழுத்தெலும்பே மிஞ்சியிருக்கும். இப்பொழுது தேங்காய் துருவுவது நம் வேலை. அவள் வந்து அமரும்வரை எவரும் சோற்றில் கை வைப்பதில்லை. வாசகர்களும் வருகிற ஞாயிறு இவ்வாறு செய்து பார்க்கலாம்.