திரையில் காண்பது குறையா?

"திரையில் காண்பது கலையைக் காண்பதாகாது" என்பர் நம்மவருள் சிலர். 2011இல் கூகுள் நிறுவனம் பதினேழு அருங்காட்சியகங்களின் ஓவியங்களை இணையத்தில் ஏற்றிய நாள்முதல் இம்முறையீட்டைக் கேட்டுவருகிறோம். இதைச் சொல்பவர் பெரும்பாலும் பாரிசுக்கும் ரோமுக்கும் சென்றுவர வசதி படைத்தவரே. பண்ணைக்காட்டுக் காப்பித் தோட்டத்தில் கூலிவேலை செய்யும் தாயின் மகளுக்கு எந்த அருங்காட்சியகம் கதவு திறந்து காத்திருந்தது?

நம் பழனி மலையையே எடுத்துக்கொள்வோம். கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் 1895இல் இயேசு சபையினர் திரு இருதயக் கல்லூரியை நிறுவினர். அதன் அருங்காட்சியகத்தில் இம்மலையின் உயிரினங்களும் தொல்பொருள்களும் இடம்பெற்றன. அச்சபையைச் சேர்ந்த லூயி ஆங்லாட் அடிகளார் இங்குள்ள செடிகொடிகளை வண்ணச் சித்திரங்களாகத் தீட்டினார். தாளில் தீட்டிய வண்ணம் ஒளிபட ஒளிபட மங்கும் இயல்புடையது. நாள்தோறும் விரித்து வைத்தால் சித்திரம் அழியும். பூட்டி வைத்தால் காண்பார் இலர். இச்சிக்கலைத் தீர்க்க இணையத்தைவிட நல்ல வழி எது? பூவின் இதழ் நரம்பையும் அங்கே பெரிதாக்கிப் பார்க்கலாம். கண்ணாடிப் பேழைமுன் நிற்பவருக்கும் அவ்வாய்ப்பு இல்லை.

ஆயினும், இணையத்தில் ஏற்றியதோடு கடமை முடிந்தது என்பாரையும் நாம் ஏற்பதற்கில்லை. இம்மலைச் சரிவுகளில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் உள்ளன. குருக்கள் இருவர் அவற்றை ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. நூலோ திரையோ எதுவாயினும், மூடுகல்லின் கனத்தையும் அதனருகே வீசும் மலைக்காற்றையும் நமக்குத் தருமா? "படம் எடுத்தாயிற்று, இனிக் கல் சரிந்தாலென்ன?" என்று இருப்பது பிலாத்து கைகழுவியது போன்றதே.

அவ்வாறாயின் அளவுகோல் யாது? ஹென்றி நோவன் அடிகளார் 1983இல் ரெம்பிராண்டு தீட்டிய ஊதாரி மைந்தன் ஓவியத்தை முதன்முதலாகக் கண்டது ஒரு சுவரொட்டியில்தான். அந்த அச்சுத்தாள் அவரை அமைதியாக இருக்கவிடவில்லை. 1986இல் அன்றைய லெனின்கிராடு நகருக்குச் சென்று, எட்டடிக்கு மேல் உயரமுள்ள மூல ஓவியத்தின் முன் மணிக்கணக்கில் அமர்ந்தார். நகல் அவரை மூலத்திடம் அழைத்துச் சென்றது. இது நமக்குப் புதிதன்று. வீட்டுச் சுவரில் சலேத் அன்னையின் படத்தை மாட்டியிருப்பவரே ஆகஸ்டுத் திருவிழாவுக்குக் கொடைக்கானல் மலையேறி வருகின்றனர். படம் போதும் என்று அவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவதில்லை.

ஆகவே கலைச்செல்வங்களைக் காப்போரிடம் நாம் கேட்பது இரண்டு. ஒளியைத் தாங்காத சித்திரங்களை இணையத்தில் தாராளமாகத் திறந்துவிடுங்கள். ஏழை மாணவரும் புரிந்துகொள்ளத் தமிழில் விளக்கமும் எழுதுங்கள். ஆனால் கல்திட்டைகளின் படத்தை ஏற்றும்போது, அவற்றைக் காக்கும் ஏற்பாட்டையும் உடன் செய்யுங்கள். படத்தைக் கண்டு தேடிவரும் குழந்தைக்கு மலைமேல் கல்லும் இருக்க வேண்டும்.