தாத்தாவுக்குத் தூக்க மாத்திரை கேட்பவர்களுக்கு

1/ "டாக்டர், அப்பா ராத்திரி தூங்கவே மாட்டேங்கிறார். ஒரு தூக்க மாத்திரை எழுதுங்க." ஓபியில் அடிக்கடி கேட்பது. எடுத்த எடுப்பில் எழுத மாட்டேன். ஏன்?

2/ மதியம் 2 மணி நேரத் தூக்கம். இரவு 8 மணிக்குப் படுக்கை, 3 மணிக்கு முழிப்பு. கூட்டிப் பாருங்க: 9 மணி நேரம்! இதுக்கா மாத்திரை?

3/ அல்பிரசோலம் சீட்டில்லாம விற்கவே கூடாது. வயசானவங்களுக்குத் தள்ளாட்டம், குழப்பம் வரும். பாத்ரூம் போகும்போது விழுந்தா இடுப்பெலும்பு உடையும். மாத்திரை அவர் தூக்கத்துக்கா, நம்ம நிம்மதிக்கா?

4/ மதியம் அரை மணி போதும். மதியத்துக்குமேல் காபி, டீ வேண்டாம். காலை வெயிலில் நடக்கட்டும். தூக்கம் வந்தபின் படுக்கட்டும், தினமும் ஒரே நேரத்தில் எழட்டும்.

5/ ஏற்கெனவே மாத்திரை போடுறவங்க திடீர்னு நிறுத்தாதீங்க. டாக்டர் சொல்படி படிப்படியா குறைங்க. பலத்த குறட்டை, வலி, மூச்சுத்திணறல் இருந்தா கூட்டிட்டு வாங்க.